மாற்றிப் பாடிய கடைசிச் சரணம்

கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

பாட்டு எழுதுவது எப்படி என்று நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். உண்மையைச் சொன்னால் அது எனக்குத் தெரியாது. விரலை எங்கே வைப்பது, ஒலிவாங்கிக்கு எவ்வளவு தள்ளி நிற்பது என்பவற்றில் நீங்கள் என்னை எப்பவோ தாண்டிவிட்டீர்கள். உங்களுக்குச் சொல்ல என்னிடம் மிஞ்சியிருப்பது, மேடையில் நின்றபடி நான் எடுத்த ஒரு முடிவைப் பற்றிய கதை மட்டும்தான். அதை எடுக்க எனக்கு இரண்டு நிமிடம்கூடப் போகவில்லை. சரியா பிழையா என்று யோசிப்பதில்தான் இத்தனை வருடங்கள் போயிருக்கின்றன.

நான் எண்பதுகளின் தொடக்கத்தில் லண்டனுக்கு வந்தவன். கிழமை நாட்களில் தபால் பிரிக்கிற வேலை. சனி ஞாயிறுகளில் வடமேற்கு லண்டனில், ஐரிஷ்காரர்கள் கூடும் பப்களில், ஒரு கன்ட்ரி இசைக்குழுவுக்குக் கிற்றார் வாசித்தேன். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கன் அகலத் தொப்பி வைத்துக்கொண்டு அமெரிக்க மாட்டுக்காரர்களின் பாட்டை ஐரிஷ்காரர்களுக்கு வாசிப்பதில் எனக்கு ஒரு விசித்திரமும் தெரியவில்லை. பார்த்தவர்களுக்குத்தான் சிரிப்பாக இருந்தது. முதல் வருடம் முழுக்க, நான் மேடையேறினால் பின்வரிசையில் யாராவது ஒருவர் என் தொப்பியைப் பற்றி ஏதாவது சொல்வார். இரண்டாம் வருடம் அவர்களே எனக்குக் குடிக்க வாங்கித் தந்தார்கள்.

கன்ட்ரி இசை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கையில் மூன்று நாலு கோர்ட் பிடிகள், வாயில் ஒரு கதை. அந்தக் கதை எங்கேயோ யாருக்கோ உண்மையாய் நடந்தது என்று கேட்கிறவன் நம்ப வேண்டும். அதற்காகப் பாட்டுக்கு முன்னால் பாடகர் நாலு வசனம் பேசுவது வழக்கம். இது யாருடைய கதை, அந்த ஆளை நான் எப்படி அறிவேன் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவோம். நாங்கள் அதை முன்கதை என்போம். எனக்குக் குரல் சுமார், வாசிப்பும் பரவாயில்லை என்கிற அளவுதான். ஆனால் முன்கதை சொல்வதில் நான் கெட்டிக்காரன். அதைக் கேட்கவென்றே வந்தவர்கள் இருந்தார்கள். தலைக்கனம் அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து தமிழிலும் ஒரு குழு வைத்தோம். பாட்டுகளை நான் எழுதினேன். மெட்டு கன்ட்ரி, சொல் யாழ்ப்பாணம். கோவில் மண்டபங்களில், பிறந்தநாள் வீடுகளில், கலியாணங்களில் வாசித்தோம். பேஸ் கிற்றார் வாசித்தவன் டொமினிக். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. அதிகம் கதைக்க மாட்டான். அவனுடைய பேஸ் பின்னால் நின்றால் எனக்குக் கால் தரையில் நிற்கும். அவன் மனைவி றெஜினா. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தவறிப்போய், அந்த வருடம் மூன்றாவது தங்கியிருந்தது. டொக்டர் படுக்கையிலேயே இருக்கச் சொல்லியிருந்தார்.

றெஜினாவுக்கு ஊரில் ஒரே ஒரு தம்பி, யூட். அவனை எப்படியாவது லண்டனுக்கு எடுத்துவிட வேண்டும் என்று புருஷனும் மனைவியும் முயன்றுகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து கடைக்கு ரெலிபோன் வந்தது. செல்குண்டு விழுந்து யூட் செத்துப்போனான்.

எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பிள்ளைத்தாய்ச்சிக்குச் சாவுச் செய்தி சொல்ல மாட்டோம். பரீட்சை எழுதப் போகிற பிள்ளைக்குச் சொல்ல மாட்டோம், நெஞ்சுவருத்தக்காரருக்குச் சொல்ல மாட்டோம். டொமினிக், அவன் அண்ணன், பங்குத்தந்தை எல்லோரும் கூடி, பிள்ளை பிறக்கும் வரைக்கும் றெஜினாவுக்குத் தெரியக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். லண்டனில் எங்களை அறிந்த அத்தனை பேருக்கும் தெரியும், அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. ஊரிலிருந்து கடிதம் வராததற்குத் தபாலைச் சொன்னார்கள். வீட்டுக்குப் போகிறவர்கள் வாசலில் முகத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்ச் சிரித்துக் கதைத்துவிட்டு வந்தார்கள். முப்பத்தோராம் நாள் பூசை எட்மண்டனில், டொமினிக்கின் அண்ணன் வீட்டில் நடந்தது. டொமினிக் மனைவியிடம் கடையில் மேலதிக ஷிப்ட் என்று பொய் சொல்லிவிட்டு வந்து, முழங்காலில் நின்று செபித்துவிட்டுப் போனான்.

அந்தப் பூசைக்குப் பிறகுதான் நான் யூட்டைப் பற்றிப் பாட்டு எழுதினேன். டொமினிக் ஒரு முறை சொன்ன விசயம் மனதில் கிடந்தது. றெஜினா ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று, யூட்தான் அவருடைய பெட்டியைச் சைக்கிள் கரியரில் கயிற்றால் கட்டிக்கொண்டு பஸ் நிற்கிற சந்தி வரைக்கும் கூட வந்தவன். வழி முழுக்க ஒரு வார்த்தையும் கதைக்கவில்லையாம். எழுதி முடித்து டொமினிக்குக்குக் கடையின் பின்பக்கம் வைத்துப் பாடிக் காட்டினேன். அவன் அரிசி மூட்டையில் சாய்ந்து நின்று கேட்டான். மேடையில் பாடலாமா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினான். அதன் கடைசிச் சரணம் இது:

கயிறு கிடக்குது சைக்கிளில் இன்னும்
கட்டப் பெட்டி இல்லை
காத்துக் கிடந்த சந்தியில் இப்போ
கையைக் காட்ட ஆளில்லை

நான் எழுதியவற்றில் இதுதான் நல்ல பாட்டு. அப்போதே அது எனக்குத் தெரியும். ஒரு பாட்டுக்காரனுக்குத் தன் கையில் இருப்பது நல்ல சாமான் என்று தெரிந்துவிட்டால், அவனை மறிப்பது கஷ்டம். சனத்துக்கு முன்னால் அதைப் பாட வேண்டும் என்று எனக்கு நித்திரை இல்லாமல் போனது.

வாய்ப்பு வந்தது. ஊரில் இடம்பெயர்ந்தவர்களுக்காக ஃபாரஸ்ட் கேட் கோவில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு நிகழ்ச்சி. றெஜினா எப்படியும் வர மாட்டார், எட்டாம் மாதம், படுக்கை. மண்டபம் நிறையச் சனம். ஆறு பாட்டுகள் பாடி முடித்துவிட்டு ஏழாவதாக இதை வைத்திருந்தேன். ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்து முன்கதையைத் தொடங்கினேன். எங்களோடு பேஸ் வாசிக்கிற டொமினிக்கின் மச்சானைப் பற்றிய பாட்டு இது என்றேன். அக்கா லண்டனுக்கு வெளிக்கிட்ட அன்று பெட்டியைச் சைக்கிளில் கட்டி வந்தவன் அவன் என்றேன். அவன் செத்ததைச் சொல்வதுதான் அடுத்த வசனம். அதைச் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் றெஜினாவைக் கண்டேன்.

மூன்றாம் வரிசை ஓரத்தில் கதிரையில் இருந்தார். வீட்டில் தனியே கிடக்க அலுத்துப்போய், புருஷனுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று மினிகாப் என்கிற வாடகைக் காரைப் பிடித்து வந்திருக்கிறார். ஒரு கை வயிற்றில் இருந்தது. தம்பியின் கதை என்றதும் முகமெல்லாம் மலர்ந்து, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அந்தப் பெண் குனிந்து தன் கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினார். முன்வரிசைகள் திரும்பி றெஜினாவைப் பார்த்துவிட்டு, உடனே நிலத்தைப் பார்த்தன. எனக்குப் பின்னால் டொமினிக் சும்மா சரி பார்க்கிற மாதிரித் தட்டிக்கொண்டிருந்த பேஸ் நின்றுபோனது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களிடம் நான் கேட்க விரும்புவது இதைத்தான். அந்த நேரத்தில் என்னிடம் என்னென்ன வழிகள் இருந்தன? ஒரு தந்தி அறுந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். தொண்டை சரியில்லை, இன்னொரு நாள் பாடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். என்னிடம் வேறு இருபது பாட்டுகள் இருந்தன, அதில் பாதி சிரிப்புப் பாட்டு. ஒன்றை எடுத்துவிட்டிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். மண்டபம் முழுக்க அதைத்தான் என்னிடம் எதிர்பார்த்தது.

நான் அந்தப் பாட்டையே தொடங்கினேன். முதல் இரண்டு சரணத்திலும் சாவு இல்லை, சைக்கிளும் பெட்டியும் சந்தியும்தான். மூன்றாவது சரணத்துக்கு முன்னால் கிற்றார் மட்டும் வாசிக்கிற இடத்தை ஒரு சுற்றுக்குப் பதில் மூன்று சுற்றாக இழுத்தேன். அந்த மூன்று சுற்றுக்குள் கடைசிச் சரணத்தை மாற்றினேன். முடிகிற சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைப் புதிதாகப் போட்டேன்.

குரோய்டன் வாசலில் குளிருக்குள் நிற்கிறான்
கோட்டொன்று மேலில் இல்லை
கூட்டத்தை விலக்கி ஓடி வாறா அக்கா
கூப்பிட வார்த்தை இல்லை

குரோய்டனில் அகதி விண்ணப்பம் கொடுக்கிற அந்தப் பெரிய கட்டடத்துக்கு முன்னால் குளிரில் நிற்காதவர் அந்த மண்டபத்தில் மிகக் குறைவு. செத்த பெடியனை நான் விமானம் ஏற்றி, இறக்கி, அவர்கள் நின்ற அதே வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். சனம் அழுதது. ஆண்கள் எழும்பி வெளியே போனார்கள். றெஜினா ஒருவர்தான் சிரித்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் கதிரையைப் பிடித்து மெல்ல எழும்பி நின்று கை தட்டினார். பிறகு மேடைப் படிக்கு வந்து, தம்பி வந்து இறங்கினதும் இதை அவனுக்குப் பாடிக் காட்ட வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார். டொமினிக் வயர்களைச் சுற்றிக்கொண்டு நின்றான், நிமிரவில்லை.

அன்றிரவு எனக்கு ரெலிபோனுக்கு மேல் ரெலிபோன். எப்படியண்ணை அந்த நேரத்தில் உங்களுக்கு அது வந்தது என்று கேட்டார்கள். தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிவிட்டீர்கள் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். இரண்டு கிழமை கழித்து டொமினிக் வந்து, றெஜினா யூட்டின் அளவுக்கு ஒரு குளிர்கோட் வாங்கி அலுமாரியில் மாட்டியிருக்கிறார் என்று சொன்னான். குற்றமாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னான். பிள்ளை நல்லபடி பிறக்கட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஐரிஷ் குழுவில் இந்தக் கதையை நான் பெருமையாகச் சொன்னேன். எல்லோரும் முதுகில் தட்டினார்கள். குழுவின் தலைவர் மட்டும் தட்டவில்லை. ஸ்டீல் கிற்றார் வாசிப்பவர், கிழமை நாட்களில் கட்டட வேலைத்தலங்களில் தச்சர். தன்னைப் பற்றி எங்கேயும் எழுதக்கூடாது என்று சொன்னவர், ஆதலால் பெயரை விடுகிறேன். வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வேறு பாட்டு ஒன்றும் உன்னிடம் இருக்கவில்லையா என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஆட்களைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் அந்தக் கேள்வி எனக்குள் இறங்கியது. பாட்டு இருந்தது, இருபது இருந்தது. நான் றெஜினாவைக் காப்பாற்றுவதற்காகச் சரணத்தை மாற்றவில்லை. அவரைக் காப்பாற்றப் பாட்டை மாற்றியிருந்தால் போதும். என் நல்ல பாட்டை அன்றைக்கே, அந்தச் சனத்துக்கு முன்னால் பாட வேண்டும் என்பதற்காகத்தான் சரணத்தை மாற்றினேன். நெருக்கடி வந்தால் மூளை வேகமாக வேலை செய்யும், அதை நாங்கள் திறமை என்போம். யாருக்காக வேலை செய்தது என்று அது தானாக வந்து சொல்லாது. பிள்ளைகளே, நான் உங்களுக்குச் சொல்லித் தரக்கூடிய பாடம் என்று ஏதாவது இருந்தால் அது இவ்வளவுதான்.

பிள்ளை நல்லபடி பிறந்தது, பெண் பிள்ளை. ஒரு மாதம் போன பிறகு பங்குத்தந்தையும் இரண்டு பெண்களும் போய் றெஜினாவுக்குச் சொன்னார்கள். அங்கே நான் இல்லை. அவர் சத்தம் போட்டு அழவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர் வீட்டுப் பக்கம் போக எனக்குத் துணிவு வரவில்லை.

அவரே வந்தார். ஒரு புதன்கிழமை மதியம், நான் வேலைக்கு வெளிக்கிட ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். எட்மண்டனில் எங்கள் பிளாற் இரண்டாம் மாடி. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியே படியேறி வந்தார். டொமினிக் கீழே காருக்குள் இருந்தான், கூப்பிட்டும் வரவில்லை. என் மனைவி குசினியில் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். றெஜினா அதைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

“அண்ணை, அண்டைக்கு அந்த மண்டபத்திலை சனம் ஏன் அழுதது எண்டு எனக்கு விளங்கேல்லை. பாட்டு நல்லாயிருக்கு, அதாலை அழுகினம் எண்டுதான் நினைச்சனான். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, என்ன?”

“ஓம்,” என்றேன். பிள்ளைக்காகத்தான் என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எனக்குச் சொல்லாமல் விட்டதுக்கு ஆரோடையும் கோவமில்லை. நானெண்டாலும் அப்பிடித்தான் செய்திருப்பன். ஆனால் மற்றவை எனக்கு ஒண்டுமே சொல்லேல்லை, அண்ணை. நீங்கள் அவனைக் குரோய்டன் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்.”

என் மனைவி குசினிக்குள் போய்விட்டார்.

“என்ர தம்பியின்ர சாவுக்கு நீங்கள் எல்லாரும் சேர்ந்து அழுதிருக்கிறியள். நான் எழும்பி நிண்டு கை தட்டினனான்.”

மன்னித்துக்கொள்ளச் சொன்னேன். நான் வேறு பாட்டுப் பாடியிருக்கலாம், இதைப் பாட ஆசைப்பட்டுத்தான் பாடினேன் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அதை நான் யாரிடமும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அவர் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

“முதல் நீங்கள் எழுதினது வேறையெண்டு இவர் சொன்னவர். அதைப் பாடுங்கோ,” என்றார்.

கிற்றாரை எடுத்துப் பாடினேன். சைக்கிள், பெட்டி, சந்தி. கடைசிச் சரணத்திலும் சொல் ஒன்றையும் விடாமல் பாடினேன். பாட்டு முடிந்தது. அவர் கண் கலங்கவில்லை. இன்னொரு முறை என்றார், இன்னொரு முறை பாடினேன். வேலைக்குப் போக நேரமாகியிருந்தது, நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. மூன்றாம் முறை பாடும்போது, ஆளில்லை என்கிற இடத்தில் றெஜினா அழத் தொடங்கினார். பிள்ளையும் எழும்பி அழுதது. குசினிக்குள் என் மனைவி அழுவது கேட்டது. கிற்றாரை வைக்கவா என்று கேட்டேன்.

“வையாதேங்கோ, அண்ணை. நீங்கள் எல்லாரும் அழுது முடிச்சிட்டியள். நான் இண்டைக்குத்தான் தொடங்கிறன்.”